லஃப்காடியோ ஹெர்ன்: இவரை யார் கணக்கில் எழுதுவது?

ஊர்சுற்றி எழுதியது:

ஐரிஷ் எழுத்தாளர்கள் என்று பேச்சு எடுத்தால் ஜாய்ஸ், யேட்ஸ், பெக்கெட் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். லஃப்காடியோ ஹெர்ன் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத ஆள் என்பதால் இருக்கலாம். கிரேக்கத் தீவில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகைக்காரராகி, கரீபியன் தீவில் இரண்டு வருஷம் கிடந்து, கடைசியில் ஜப்பானியக் குடிமகனாக ஜப்பானியப் பெயரோடு செத்துப்போனவர். பயண நூல்கள் நிறைய, குறுநாவல்கள் இரண்டு, அப்புறம் உலகமே அறிந்த அந்தப் பேய்க்கதைகள்.

தெரியாதவர்களுக்காக முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். 1850 ஜூன் 27, லெஃப்காடா தீவு. தீவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள், பேட்ரிக் லஃப்காடியோ ஹெர்ன் என்று. அப்பா சார்லஸ் ஹெர்ன் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஐரிஷ் மருத்துவர், அம்மா ரோசா கிதிரா தீவுக்காரி. இரண்டு வயதில் டப்ளினுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு அந்த ஊர்க் குளிரும் ஒத்துவரவில்லை, புகுந்த வீட்டு மனிதர்களும் ஒத்துவரவில்லை. பிள்ளைக்கு நாலு வயதில் தன் ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. அப்பா அந்தக் கல்யாணமே செல்லாது என்று தீர்த்துக்கொண்டு, வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு, நம்ம செகந்திராபாத்துக்குத்தான், வேலைக்குப் போய்விட்டார். 1866இல் திரும்புகிற வழியில் சூயஸ் பக்கம் மலேரியாவில் செத்தார். பையனை வளர்த்தது சாரா பிரெனேன் என்ற பாட்டி முறைக்காரி. காசுக்குக் குறைவில்லை, ஆனால் இருட்டுக்குப் பயந்த பிள்ளையை இருட்டறையில் போட்டுப் பூட்டிப் பழக்கிய வீடு. இங்கிலாந்தில் பள்ளிக்கூட விளையாட்டில் இடது கண் போனது, வயது 16. அடுத்த வருஷம் பாட்டியின் சொத்து முழுக்கப் போனது. 1869இல் கையில் கப்பல் சீட்டைக் கொடுத்து அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அங்கிருந்துதான் எனக்குச் சொல்ல வேண்டியது தொடங்குகிறது. இவர் வேடிக்கை பார்க்கப் போன பயணி கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் காசில்லாமல் போய் இறங்கி, அங்கேயே கூலிக்கு எழுதி, அந்த ஊர் சமையல்காரி, துணி துவைக்கிறவள், சுமை தூக்குகிறவள் என்று யாரிடம் கதை கிடைக்குமோ அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர். அவருடைய நல்ல பக்கங்கள் எல்லாமே அப்படிக் கேட்டு வந்தவை என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

கருவூர்க்காரன் எழுதியது:

அண்ணே, முதலில் ஐரிஷ் என்பதையே மறுக்கிறேன். இரண்டு வயதில் வந்தார், பதின்மூன்று வயதில் இங்கிலாந்துப் பள்ளிக்குப் போனார், அதற்கப்புறம் அந்த மண்ணைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாரா? அமெரிக்கா போனதும் பேட்ரிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் லஃப்காடியோ என்று கையெழுத்துப் போட்டவர். அவரே வேண்டாம் என்று விட்ட ஊரை நாம் ஏன் அவர் தலையில் கட்ட வேண்டும்?

தாழைமடல் எழுதியது:

அவர் கோபப்பட்டது அப்பாமேல், ஊர்மேல் இல்லை. 1901இல் டோக்கியோவிலிருந்து யேட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். யேட்ஸ் தன் பழைய கவிதை ஒன்றைத் திருத்தி மாற்றிவிட்டார் என்று சண்டை பிடிக்கிற கடிதத் தொடர்பு அது. ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு ஐரிஷ் தேவதைக் கவிதையில் கை வைக்காதே என்று மல்லுக்கு நிற்கிறவருக்கு அந்த மண்ணோடு ஒட்டு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தக் கடிதத்தில்தான் சின்ன வயதில் அயர்லாந்தின் மேற்கே உள்ள கொனாக்ட் பகுதிக்காரி ஒருத்தி தனக்கு ஆயாவாக இருந்ததையும், அவள் தேவதைக் கதையும் பேய்க்கதையும் சொல்லி வளர்த்ததையும் சொல்கிறார். ஆகவே ஐரிஷ் விஷயங்களை நேசிக்கக் கடமைப்பட்டவன், நேசிக்கவும் செய்கிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

டப்ளின் வீட்டில் இருட்டறை, கோடையில் வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் டிராமோர் கடற்கரை, கூட ஒரு கதைசொல்லி ஆயா. ஜப்பானில் எழுதிய பேய்க்கதைகளின் விதை அங்கே விழுந்துவிட்டது. டிராமோரில் இப்போது அவர் பெயரில் ஒரு ஜப்பானியத் தோட்டமே இருக்கிறது, 2015இல் திறந்தார்கள்.

ஊர்சுற்றி எழுதியது:

தாழைமடல் அக்கா சொன்னதை அப்படியே அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குக் கொண்டுபோகிறேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது தங்க இடமில்லை, ஹென்றி வாட்கின் என்ற அச்சகக்காரர்தான் சேர்த்துக்கொண்டார். பிறகு 'என்க்வயரர்' பத்திரிகையில் வேலை. 1874இல் ஒரு தோல் பதனிடும் கொட்டகையில் நடந்த கொலை, பிணத்தை உலைக்குள் திணித்துவிட்ட கொலை, அதைப் பற்றி இவர் எழுதிய செய்திதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. இப்போது படித்தாலும் வயிற்றைப் புரட்டும். ஒற்றைக் கண்ணும் கிட்டப்பார்வையுமாக இருந்த மனிதர் எல்லாவற்றையும் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார், அந்தப் பார்வை எழுத்திலும் இருக்கிறது. தூரத்து மலையைவிட கையில் எடுத்த எலும்புத் துண்டை நன்றாக எழுதுவார்.

அதே வருஷம் அலீதியா ஃபோலி என்ற மேட்டியைக் கல்யாணம் செய்கிறார். அடிமையாகப் பிறந்தவள், இவர் தங்கியிருந்த விடுதியில் சமையல்காரி. ஓஹையோ சட்டத்தில் வெள்ளைக்காரரும் கறுப்பரும் கல்யாணம் செய்வது அப்போது குற்றம். விஷயம் வெளியே தெரிந்து 1875இல் பத்திரிகை வேலை போனது. போட்டிப் பத்திரிகை சேர்த்துக்கொண்டது. அந்தப் பத்திரிகையில் ஒரு சமையல்காரி தான் கண்ட ஆவிகளைப் பற்றிச் சொல்வதாக ஒரு கட்டுரை எழுதினார். சொன்னது மேட்டி.

கருவூர்க்காரன் எழுதியது:

மேட்டியை விட்டுவிட்டு 1877இல் நியூ ஆர்லியன்ஸுக்கு ரயில் ஏறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. அவர் செத்த பிறகு 1906இல் அந்தப் பெண் நான்தான் மனைவி, எனக்கும் பங்குண்டு என்று கோர்ட்டுக்குப் போனாள். அந்தக் கல்யாணமே சட்டப்படி செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். அப்பா ரோசாவுக்குச் செய்ததை மகன் மேட்டிக்குச் செய்தார். கதையை மட்டும் வாங்கிக்கொண்டார். கேட்டு எழுதியவர், கேட்டு எழுதியவர் என்கிறீர்களே, கேட்டு எடுத்துக்கொண்டு போனவர் என்றும் சொல்லலாம் இல்லையா?

பழையபுத்தகம் எழுதியது:

தம்பி கேட்டது நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இல்லை. நான் நியூ ஆர்லியன்ஸ் சேதி கொஞ்சம் சொல்கிறேன், அந்தப் பத்து வருஷத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

போன புதிதில் டெங்கு காய்ச்சல், பட்டினி. 1879இல் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார், எதை எடுத்தாலும் ஐந்து சென்ட். பிறகு அதற்கு 'கஷ்டகாலம்' என்றே பெயர் மாற்றினார்! சில வாரத்தில் கூட்டாளி கல்லாவை வழித்துக்கொண்டு ஓடிவிட்டான், கடை மூடியாயிற்று. ஆனால் அந்தப் பசியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. 1885இல் 'லா குசீன் கிரியோல்' என்ற சமையல் நூல், அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லாமல். வெண்டைக்காய் போட்ட கம்போ என்ற குழம்பு வகைகளை எல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அதே வருஷம் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த கலப்பு மொழி) பழமொழித் தொகுப்பும் ஒன்று. அதற்கு முன்னால் 1883இல் லூசியானா சதுப்பில் மரக்கால் நட்டு அதன்மேல் வீடு கட்டியிருந்த பிலிப்பைன்ஸ் மீனவர்களின் சேன் மாலோ குடியிருப்பைத் தேடிப்போய் எழுதினார். அமெரிக்காவில் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாவல் 'சீட்டா' வந்தது 1889இல். 1856 ஆகஸ்டில் ஒரு புயல் லூசியானாக் கரையில் லாஸ்ட் ஐலண்ட் என்ற உல்லாசத் தீவை வழித்தெடுத்துப் போனது. விருந்தும் நடனமுமாக இருந்த ஓட்டலோடு எல்லாம் போச்சு. அதில் பிழைத்த ஒரு குழந்தையை மீனவக் குடும்பம் வளர்க்கிற கதை. கதையாகப் பார்த்தால் சுமார்தான், பாத்திரங்கள் காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி நிற்பார்கள். ஆனால் கடல் ஏறி வருவதை எழுதிய முதல் பகுதிக்காக நான் அதைத் திரும்பத் திரும்ப எடுப்பேன். இவர் நாவலாசிரியர் என்பதைவிட நாவல் எழுதிப் பார்த்த பயண எழுத்தாளர் என்பேன்.

புதுவைவாசி எழுதியது:

அந்தக் கரீபியன் தீவு, மார்ட்டினிக், அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. 1887 கோடையில் ஒரு தடவை சுற்றிவிட்டு, திரும்பப் போய் 1889 வரை சேன் பியேர் நகரத்தில் இருந்தார். 1890இல் வந்த 'பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டு ஆண்டுகள்' என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த புத்தகம், ஜப்பான் புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதில் சுமைகாரிகளுக்கு ஓர் அத்தியாயம். ஐம்பது அறுபது கிலோ சுமையைத் தலையில் வைத்து, வெறுங்காலோடு மலைப்பாதையில் தீவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கிற பெண்கள். சின்ன வயதில் எப்படிப் பழக்குவார்கள், சுமையைத் தலைக்கு ஏற்ற இறக்க ஏன் இன்னொருத்தி கை வேண்டும், வழியில் என்ன சாப்பிடுவார்கள் என்று கூடவே நடந்தவர் மாதிரி எழுதுவார். ரோக்ஸலான் ஆற்றங்கரையில் கல்லில் துணி அடிக்கிறவர்களுக்கு ஒன்று. பெரியம்மை ஊரையே வாரிக்கொண்டு போன திருவிழாக் காலத்துக்கு ஒன்று.

1902 மே 8ஆம் தேதி பெலே எரிமலை வெடித்து சேன் பியேர் சில நிமிஷத்தில் சாம்பலானது. கிட்டத்தட்ட 28,000 பேர். அவர் எழுதிய தெரு, சந்தை, துறை எதுவும் இல்லை. அந்த நகரம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் இன்றைக்கும் இந்தப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறை உண்டு. அவர் போன காலத்தில் மார்ட்டினிக் கரும்புத் தோட்டங்களில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய நம்மாட்கள் இருந்தார்கள். 1853இல் தொடங்கி முப்பது வருஷத்தில் 25,000 பேருக்கு மேல். இன்றும் அங்கே மாரியம்மன் கும்பிடு நடக்கிறது. ஹெர்ன் டிரினிடாடில் இந்தியக் கூலிகளின் குடியிருப்புக்குப் போய், வெள்ளி வளையல் அடிக்கிற ஒரு தட்டானைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் மார்ட்டினிக்கில் நம்மவர்களிடம் அப்படி உட்கார்ந்து கதை கேட்கவில்லை. கிரியோல் தெரிந்துவிட்டதால் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார். கேட்டிருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

கருவூர்க்காரன் எழுதியது:

அந்தச் சுமைகாரி அத்தியாயத்தை நானும் படித்தேன். உடம்பு வாகு, தோலின் நிறம், நடை அழகு என்று பக்கம் பக்கமாக வர்ணிப்பு. கூலி குறைவு என்பது வரும், வருத்தமும் வரும், அடுத்த வரியிலேயே மறுபடி சிலை, வெண்கலம். 'யூமா' குறுநாவலிலும் அதுதான். 1848 கிளர்ச்சியில் வீடு பற்றி எரிகிறது, கறுப்பு ஆயா வெள்ளைக் குழந்தையை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்று சாகிறாள். மறுநாளே அடிமை முறை ஒழியப் போகிறது, அந்த நேரத்தில் இவருக்கு அழுகை வருவது எங்கே என்று பாருங்கள்.

தாழைமடல் எழுதியது:

யூமா பற்றி நீங்கள் சொல்வது சரி, அந்த முடிவு எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் தன்னை வளர்த்த ஆயாவை மறக்காதவன் எழுதிய ஆயா என்றும் அதைப் படிக்கலாம். சரி, ஜப்பானுக்கு வருவோம், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1890 ஏப்ரலில் ஹார்ப்பர்ஸ் பத்திரிகைக்காக யோகோஹாமாவில் இறங்கினார். கூட வந்த ஓவியருக்குத் தன்னைவிடக் கூடுதல் சம்பளம் என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். மறுபடி கையில் காசில்லை. ஜப்பானியவியல் அறிஞர் பேசில் ஹால் சேம்பர்லேன் போன்றவர்கள் உதவியால் மாட்சுவே என்ற சின்ன ஊரில் ஆங்கில வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கேதான் செட்சு கொய்சுமி வருகிறாள். சாமுராய்க் குடும்பத்துப் பெண், மெய்ஜி ஆட்சி மாற்றத்தில் குடும்பம் நொடித்துப்போய், முதல் கணவன் விட்டுவிட்டுப் போய், பிழைக்க வழியில்லாமல் இருந்தவள். இவருக்கு ஜப்பானிய மொழி அரைகுறை, அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரும் வினைச்சொல்லை எல்லாம் உடைத்துப்போட்டுத் தங்களுக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். வேறு யாருக்கும் அது விளங்காது.

அவர் செத்த பிறகு செட்சு சொன்ன நினைவுக்குறிப்புகள் இருக்கின்றன, கட்டாயம் தேடிப் படியுங்கள். பழைய புத்தகக் கடைகளில் கதைகளைத் தேடி எடுப்பது அவள் வேலை. ராத்திரி விளக்கைத் தணித்துவிட்டு அவள் கதை சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் வேண்டாம் என்பார். உன் வார்த்தையில், உன் நினைப்பில் சொல்லு என்பார். கேட்டுக் கேட்டு முகம் வெளுத்துப்போகும். அந்தக் குரல் எப்படி இருக்கும், செருப்புச் சத்தம் எப்படி, அந்த நேரத்தில் இருட்டு எப்படி இருந்திருக்கும் என்று துளைத்தெடுப்பார். காதில்லாத ஹோயிச்சி கதை தெரியும் இல்லையா, பார்வையற்ற இசைஞனை ஆவிகள் வந்து பாடக் கூப்பிடும் கதை. அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் இருட்டிய பிறகும் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த அறையிலிருந்து செட்சு மெதுவாக "ஹோயிச்சி, ஹோயிச்சி" என்று கூப்பிட்டாள். உள்ளிருந்து பதில் வந்தது: "நான் கண் தெரியாதவன், நீங்கள் யார்?" அப்புறம் பேச்சில்லை.

இன்னொன்று, அவர் மேசை. பார்வை மோசம் என்பதால் கால் உயரமாகத் தனியாகச் செய்யச் சொன்ன மேசை, காகிதம் கிட்டத்தட்ட மூக்கில் இடிக்கும். புகைக்க நெருப்பு வேண்டுமென்றால் ஒரு சங்கை எடுத்து ஊதுவார். வீடே அதிரும். அப்படி ஓர் ஆள்.

கருவூர்க்காரன் எழுதியது:

அக்கா, நீங்களே என் வாதத்தை முடித்துக்கொடுத்துவிட்டீர்கள். 1904இல் வந்த 'கைதான்' பேய்க்கதைத் தொகுப்பின் முன்னுரையைப் பாருங்கள். எந்தெந்தப் பழைய நூலிலிருந்து எடுத்தேன் என்று பட்டியல் இருக்கிறது. பனிப்பெண் கதையை முசாஷி மாகாணத்து விவசாயி ஒருவர் சொன்னார் என்று ஊர்ப் பெயரோடு இருக்கிறது. செட்சு பெயர் இருக்கிறதா? பேர் தெரியாத விவசாயிக்கு ஒரு வரி கிடைத்தது, வருஷக்கணக்காகத் தேடி, படித்து, நடித்துக் காட்டிய மனைவிக்கு ஒன்றுமில்லை.

ஊர்சுற்றி எழுதியது:

இல்லை, அது பெரிய குறைதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மேட்டிக்குச் செய்ததைச் செட்சுவுக்குச் செய்யவில்லை. 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று மனைவி வீட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டார். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சொத்து சேர வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை என்றுதான். பிள்ளைகள் நாலு பேர், மாமியார் வீட்டாரும் இவர் சம்பளத்தில்தான். அப்பன் அம்மாவைச் சட்டத்தைக் காட்டி அறுத்துவிட்டதை மறக்காத மனிதர் இந்தத் தடவை சட்டத்தையே கவசமாக்கினார். அந்த முடிவுக்கு விலையும் கொடுத்தார். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் 1896 முதல் வாத்தியார், 1903இல் அனுப்பிவிட்டார்கள். மாணவர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அந்த நாற்காலிக்கு வந்தவர் நாட்சுமே சோசெகி, பின்னால் ஜப்பானின் பெரிய நாவலாசிரியர். மறுவருஷம் செப்டம்பர் 26இல் மாரடைப்பு, வயது 54.

நாகைத்தம்பி எழுதியது:

நான் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். இவர் 1897இல் 'வாழும் கடவுள்' என்று ஒன்று எழுதினார். மலைமேல் வீடு உள்ள ஒரு பெரியவர் கடல் உள்வாங்குவதைப் பார்க்கிறார். கீழே ஊர் மொத்தமும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு கரையில். கத்தினால் கேட்காது. அறுத்து வைத்திருந்த தன் நெற்போருக்கு எல்லாம் தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரே மேலே ஓடி வருகிறது, பின்னாலேயே கடல் வருகிறது. 2004க்கு அப்புறம் எங்கள் பக்கத்தில் இதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடல் உள்வாங்கியபோது எங்கள் பிள்ளைகளும் மீன் பொறுக்கத்தான் கீழே போனார்கள்.

உண்மையில் 1854இல் வாகயாமா கரையில் அதைச் செய்த ஹமாகுச்சி கோர்யோ கிழவர் இல்லை, முப்பது சொச்சம் வயது. எரித்ததும் வைக்கோல் போர்தான். இருட்டில் தத்தளித்தவர்களுக்கு மேட்டுக்கு வழி தெரியவே எரித்தார். பிறகு தன் காசில் கடலோரத்தில் கரை கட்டினார். ஹெர்ன் கதைக்காக மாற்றிவிட்டார். அந்த மாற்றிய கதைதான் 1937இல் ஜப்பானியப் பள்ளிப் பாடமானது. பழைய ஜப்பானியக் காலண்டர்படி அந்தச் சம்பவ நாளான நவம்பர் 5தான் இப்போது ஐ.நா. அறிவித்த சுனாமி விழிப்புணர்வு நாள்.

கருவூர்க்காரன் எழுதியது:

இதற்கு எதிர்வாதம் செய்யத் தோன்றவில்லை தம்பி. ஆனால் பொதுவாக அவருடைய ஜப்பான் பாதி கற்பனை என்று சேம்பர்லேனே பின்னால் எழுதினார். ரயில், ஆலை, பட்டாளம் எதுவும் அவருக்குப் பிடிக்காது, பழசு போகிறதே என்ற புலம்பல்தான்.

புதுவைவாசி எழுதியது:

புலம்பினார்தான். குமாமோட்டோவில் மூன்று வருஷம் இருந்தபோது எழுதிய கடிதங்களில் ஜப்பான்மேலேயே எரிச்சல் கொட்டுகிறது. அச்சிட்ட புத்தகத்தில் ஒரு ஜப்பான், கடிதத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மனிதர் இன்னும் பிடித்துப்போகிறார், எனக்கு அப்படித்தான்.

புதிதாகப் படிக்கிறவர்கள் நேராக 'கைதான்' எடுக்காதீர்கள், அது சின்னது, படித்து முடித்துவிட்டு அவ்வளவுதானா என்று வைத்துவிடுவீர்கள். மார்ட்டினிக் புத்தகத்தில் துணி துவைக்கிறவர்கள் அத்தியாயத்தில் தொடங்குங்கள், பிறகு 1894இல் வந்த ஜப்பான் நூலில் மாட்சுவே பகுதி. எல்லாம் காப்புரிமை தீர்ந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

தாழைமடல் எழுதியது:

செட்சுவின் குறிப்புகளை அந்தப் பட்டியலில் முதலில் போடுங்கள், கடைசியில் போடாதீர்கள். யாராவது தமிழில் கொண்டுவர இறங்கினால் மெய்ப்புப் பார்க்க நான் தயார்.

கருவூர்க்காரன் எழுதியது:

இறங்கினால் அட்டையில் அவள் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும். அந்த நிபந்தனையோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.